தீபாவளிக்கு இல்லங்களுக்குக் கொடுக்க நினைக்கிறோம்: எதை, யாரிடம், எப்போது?

கேள்வி இது: "தீபாவளி போனஸ் வந்திருக்கிறது. ஆண்டுதோறும் எங்கள் பகுதியில் உள்ள குழந்தைகள் இல்லத்துக்கு இனிப்பும் ஒரு வேளைச் சாப்பாடும் கொடுத்து வந்தோம். இந்த முறை வீட்டில் எல்லோரும் சேர்ந்து இருபதாயிரம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். உண்மையிலேயே பயன்படும்படி கொடுக்க ஆசை. எங்கே கொடுப்பது, எப்படிக் கொடுப்பது, நம்பலாமா என்று எப்படிப் பார்ப்பது?"

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்கு முடிவெடுங்கள்; பணத்தில் பெரும்பகுதியைத் தீபாவளி முடிந்த பிறகு கொடுங்கள். பண்டிகை நேரத்தில் கொடுக்கத் தோன்றுவது நல்ல குணம், அதை விட்டுவிடக் கூடாது. ஆனால் வாங்குகிறவர்களின் தேவை நம் பண்டிகையைப் பார்த்து வருவதில்லை. சில சிறிய அறக்கட்டளைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் வேலையில் இருப்பதால் இதைப் பல ஆண்டுகளாக ரசீதுப் புத்தகத்திலேயே பார்த்து வருகிறேன்.

ஒரு குழந்தைகள் இல்லத்தின் அலுவலக அறைக்குப் போனால் சுவரில் ஒரு பலகை இருக்கும். காலை உணவுக்கு இவ்வளவு, மதியம் வடை பாயசத்தோடு இவ்வளவு, ஒரு நாள் முழுவதற்கும் இவ்வளவு என்று எழுதியிருப்பார்கள். மேசை மேல் நீளமான ஒரு நோட்டு கிடக்கும். தேதி, பெயர், எந்த வேளை, என்ன காரணம் (பிறந்தநாள், கல்யாண நாள், அப்பாவின் திதி), போன் நம்பர். அந்த நோட்டில் தீபாவளிப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மதியச் சாப்பாட்டுக்கு மூன்று பேர் பெயர் இருக்கும். ஒன்றை அடித்து, அம்புக்குறி போட்டு, மறுநாளைக்குத் தள்ளியிருப்பார்கள். ஆங்கிலப் புத்தாண்டும் பொங்கலும் அப்படித்தான். மகாளய அமாவாசையும் நிரம்பிவிடும். அப்புறம் பிப்ரவரியின் ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமையைப் பாருங்கள், பக்கம் காலி. ஜூன் மாதம் அதைவிட மோசம். பள்ளிக்கூடம் திறக்கும் நேரம், எல்லோர் வீட்டிலும் ஃபீஸ் கட்டுகிற நேரம். நம் கை இறுக்கமாக இருக்கும் அதே மாதத்தில்தான் இல்லத்துக்கும் நோட்டு, சீருடை, செருப்பு, பஸ் பாஸ், கல்லூரிக் கட்டணம் என்று எல்லாச் செலவும் ஒன்றாக வந்து நிற்கும்.

இனிப்பைப் பற்றி நீங்களே கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். பால் இனிப்புகள் இரண்டு மூன்று நாளைக்கு மேல் தாங்காது. நாற்பது பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு ஒரே நாளில் நான்கு இடத்திலிருந்து இனிப்பும் இரண்டு இடத்திலிருந்து பிரியாணியும் வந்தால், மறுநாள் காலையில் சமையல்காரம்மா முதலில் செய்யும் வேலை எது கெட்டுப்போயிருக்கிறது என்று முகர்ந்து பார்ப்பதுதான். சின்னப் பிள்ளைகள் இரண்டு பேருக்காவது வயிற்றுவலி வந்திருக்கும். முதியோர் இல்லம் என்றால் இன்னும் சிக்கல். அங்கே பலருக்குச் சர்க்கரை இருக்கும். கையில் லட்டைக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல மனம் வராது, கொடுத்தவரின் முகத்துக்காகவே சாப்பிட்டுவிடுவார்கள்.

அன்னதானத்தைக் குறைத்துப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். வடலூரில் வள்ளலார் 1867-இல் தொடங்கிய தருமசாலையில் இன்றும் அடுப்பு அணையாமல் எரிகிறது. பண்டிகை நாள், சாதாரண நாள் என்று அங்கே பிரிவினை கிடையாது. பசித்து வருகிறவருக்கு எந்த நாளிலும் இலை உண்டு. நாம் ஒரு வேளைச் சோறு போடுவதாக இருந்தாலும் அந்த வழியில் போடலாம். தீபாவளிக்குப் பதிலாக, "நோட்டில் காலியாக இருக்கும் ஏதாவது ஒரு நாளில் எங்கள் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் போதும். அதே பணம்தான், அதன் மதிப்பு மட்டும் பல மடங்கு கூடிவிடும்.

அந்தச் சாப்பாடு நடக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். பன்னிரண்டரைக்குப் பரிமாறத் தயாராக இருக்கும். கொடுப்பவர்கள் வரும்வரை பிள்ளைகள் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். வந்ததும் பிரார்த்தனைப் பாட்டு, வாழ்த்து, கைதட்டல், அப்புறம் சாப்பாடு. நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு அது ஒன்றும் பெரிதாகத் தெரியாது. பத்தாம் வகுப்புப் படிக்கிற பெண் தலையைக் குனிந்துகொள்வாள். யார் யாருடைய பிறந்தநாளுக்கோ மாதம் இருபது முறை கைதட்டுவது அந்த வயதில் எவ்வளவு கூச்சமாக இருக்கும் என்று யோசியுங்கள். நீங்கள் போனால் நேரத்துக்குப் போங்கள், பாட்டு வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், முடிந்தால் அவர்களோடு உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள்.

போட்டோ எடுக்காதீர்கள். இது நாகரிகம் மட்டுமல்ல, சட்டமும்கூட. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவின்படி, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளை அடையாளம் காட்டும்படி படமோ விவரமோ வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுகிற படமும் படம்தான். இல்லத்துக்காரர்களே "எடுத்துக்கொள்ளுங்கள் சார்" என்று பிள்ளைகளை நிறுத்தி வைத்தால், அந்த இடத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும்.

சரி, எதைக் கொடுப்பது? கேட்டுவிட்டுக் கொடுங்கள். ஆனால் கேட்கிற விதம் ஒன்று இருக்கிறது. "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டால், "எது கொடுத்தாலும் சந்தோஷம் சார்" என்றுதான் பதில் வரும். அவர்கள் மேல் தப்பில்லை. இது வேண்டும், அது வேண்டாம் என்று சொன்னால் கொடுக்க வந்தவர் மனம் மாறிவிடுவாரோ என்ற பயம். அதனால் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போடுங்கள். "போன மாதம் எந்தச் செலவுக்குத் திண்டாடினீர்கள் மேடம்?" என்று கேளுங்கள். அப்போது உண்மையான பதில் வரும். கரண்ட் பில், போர்வெல் மோட்டார் காயில் எரிந்துபோனது, ராத்திரி ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ, பெண் பிள்ளைகளுக்கு நாப்கின், எல்லோருக்கும் உள்ளாடை, மூக்குக்கண்ணாடி, பல் வைத்தியம். முதியோர் இல்லத்தில் கேட்டால் பெரியவர்களுக்கான டயபர் என்பார்கள். படுக்கையில் இருக்கும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு மூன்று, நான்கு தேவைப்படும், விலையும் அதிகம். பிறந்தநாளுக்கு யாரும் டயபர் வாங்கிக் கொடுக்கத் தோன்றுவதில்லை.

இந்தப் பட்டியலில் எப்போதும் கடைசியாக, தயங்கித் தயங்கி வரும் பதில் ஒன்று உண்டு: சம்பளம். அரிசிக்கு ஆள் கிடைக்கும், துணிக்கு ஆள் கிடைக்கும். ராத்திரி பிள்ளைகளோடு படுத்திருந்து, காய்ச்சல் வந்தவனுக்கு நெற்றியில் ஈரத்துணி போடுகிற அக்காவின் சம்பளத்துக்கு ஆள் கிடைக்காது. "நாங்கள் கொடுக்கும் பணம் முழுவதும் குழந்தைகளுக்கே போக வேண்டும், நிர்வாகச் செலவுக்குப் போகக் கூடாது" என்று எழுதியே கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள், ஆனால் அது தவறான நிபந்தனை என்று நான் உறுதியாக நினைக்கிறேன். பிள்ளைகளுக்கு முதல் தேவை அடிக்கடி மாறாத, பொறுப்பான பெரியவர்கள். சம்பளம் குறைவென்றால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆள் மாறும். ஏற்கெனவே ஒரு முறை வீட்டை இழந்த பிள்ளை, பழகிய முகங்களையும் ஒவ்வொன்றாக இழந்துகொண்டே இருக்கும். கணக்கு எழுதுவதும் அப்படித்தான். அதற்குச் செலவு செய்யாத அமைப்பில்தான் பணம் எங்கே போனது என்று தெரியாமல் போகிறது. அதனால் நம்பிக்கை வந்த இடத்துக்கு நிபந்தனையில்லாமல் கொடுங்கள். "பொதுச் செலவுக்கு" என்று ரசீதில் எழுதச் சொல்லுங்கள். அந்த இரண்டு வார்த்தை ஒரு காப்பாளருக்கு எவ்வளவு நிம்மதி என்பதை நேரில் பார்த்திருக்கிறேன்.

பொருளாகவே கொடுக்க ஆசையென்றால், அவர்கள் வாங்கும் கடையில் அவர்கள் கணக்கில் கட்டிவிடலாம். இல்லங்கள் அரிசியையும் பருப்பையும் மூட்டைக் கணக்கில் மண்டி விலைக்கு வாங்குகின்றன. நாம் சூப்பர் மார்க்கெட்டில் ஒரு கிலோ பாக்கெட்டாக வாங்கினால் அதே பணத்துக்குக் குறைவாகத்தான் வரும்.

தீபாவளிக்கு முன் அலமாரியைக் காலி செய்யும்போது வரும் பழைய துணி விஷயம் தனி. ஜிப் போன பேன்ட், கறை படிந்த சட்டை, ஒற்றை ஷூ இதெல்லாம் இல்லத்துக்குப் போகக் கூடாது. நம் அண்ணன் பிள்ளைக்கு எதைக் கொடுக்கக் கூசுவோமோ அதைத் தெரியாத பிள்ளைக்கும் கொடுக்க வேண்டாம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம், கடலூர்ப் பக்கம் நடந்ததை அங்கே போனவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். லாரி லாரியாக வந்த பழைய துணிகள் சாலையோரம் மலையாகக் குவிந்து, மழையிலும் வெயிலிலும் கிடந்து மக்கின. மீனவக் குடும்பங்கள் அவற்றைத் தொடவில்லை. கடலில் உழைத்துக் கௌரவமாக வாழ்ந்தவர்கள், ஒரே நாளில் எல்லாம் போய்விட்டது என்பதற்காகப் பிறர் கட்டிக் கழித்ததை எடுத்து உடுத்த அவர்களுக்கு மனம் ஒப்பவில்லை. பழைய துணியைத் தரம் பிரித்து முறையாகப் பயன்படுத்தும் அமைப்புகள் இருக்கின்றன. 1999-இல் டெல்லியில் அன்ஷு குப்தா தொடங்கிய கூன்ஜ் அப்படிப்பட்டது. ஊரில் குளம் தூர்வாரினால், பாதை போட்டால் அந்த உழைப்புக்கு ஈடாகத் துணிமணியைக் கொடுப்பார்கள். இலவசமாக வாங்கினோம் என்ற கூச்சம் யாருக்கும் இருக்காது. அவர்களுக்குக் கொடுத்தாலும் துவைத்து, மடித்து, நல்லதாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

அதற்காகப் பிள்ளைகளுக்குத் தீபாவளியே வேண்டாம் என்று சொல்லவில்லை. புதுத்துணி போட்டுக்கொண்டு காலையில் மத்தாப்பு கொளுத்தும் ஆசை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றுதான். துணிக்கு ஏற்கெனவே யாராவது பொறுப்பேற்றிருக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால், எல்லோருக்கும் ஒரே மாதிரி கட்டம் போட்ட சட்டையை மொத்தமாக வாங்கிக் கொண்டுபோய் இறக்காமல், காப்பாளரிடம் பேசி, பிள்ளைகளே கடைக்குப் போய்த் தனக்குப் பிடித்த நிறத்தை எடுத்துக்கொள்ள வழி உண்டா என்று பாருங்கள். சில இல்லங்களில் இதைச் செய்கிறார்கள். தானே தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இல்லத்துப் பிள்ளைகளுக்கு மிக அரிதாகக் கிடைக்கும் ஒன்று.

யாரிடம் கொடுப்பது என்பதற்கு வருகிறேன். இதில் கொஞ்சம் நேரம் செலவழிக்கத்தான் வேண்டும். 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டத்தில் அனுமதியில்லாமல் நடந்த ஓர் இல்லத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்ட செய்தி நினைவிருக்கும்.

குழந்தைகள் இல்லமென்றால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 41-ஆவது பிரிவின்கீழ்ப் பதிவு கட்டாயம். அந்தச் சான்றிதழைப் பெரும்பாலும் அலுவலகத்திலேயே மாட்டியிருப்பார்கள். காலாவதியாகவில்லையா என்று தேதியைப் பாருங்கள். சந்தேகமென்றால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்கலாம். குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு இல்லாமல் எந்தக் குழந்தையையும் அங்கே தங்கவைக்கக் கூடாது என்பது விதி. தொண்டு அமைப்புகள் பதிவு செய்துகொள்ளும் நிதி ஆயோக்கின் தர்ப்பண் இணையதளத்தில் எண் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். அங்கே இருப்பது அவர்களே பதிந்த விவரம், நல்ல அமைப்பு என்பதற்கான முத்திரை அல்ல. வங்கிக் கணக்கு அறக்கட்டளையின் பெயரில் இருக்க வேண்டும். க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் தனிநபர் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். போன ஆண்டின் தணிக்கை செய்த கணக்கைக் கேளுங்கள். ஒழுங்காக நடத்துகிறவர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள், எடுத்துக் காட்டுவார்கள்.

தாள்களைவிட முக்கியமாக நான் பார்ப்பது ஒன்று உண்டு. இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பலருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமையால், நோயால், அப்பா விட்டுப்போனதால் அங்கே வந்து சேர்ந்தவர்கள். பிள்ளையைக் குடும்பத்தோடு சேர்ப்பதுதான் முதல் முயற்சியாக இருக்க வேண்டும், இல்லம் என்பது வேறு வழியே இல்லாதபோதுதான் என்று சட்டமே சொல்கிறது. ஆகவே "போன ஆண்டு எத்தனை பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்பினார்கள்?" என்று கேளுங்கள். அதற்குப் பெயர் சொல்லாமல் கதை கதையாகச் சொல்லக்கூடியவர் நல்ல காப்பாளர். "ஐம்பதில் ஆரம்பித்தோம், இப்போது இருநூறு பேர்" என்பதை மட்டுமே பெருமையாகச் சொல்கிறவரிடம் கொஞ்சம் நிதானியுங்கள். தனியாகப் பிள்ளையை வளர்க்கும் ஒரு தாய்க்கு மாதாமாதம் உதவி, பிள்ளை அவளோடேயே இருந்து படிக்கும்படி செய்யும் அமைப்பு உங்கள் ஊரில் இருந்தால், இல்லத்துக்குக் கொடுப்பதைவிட அதற்குக் கொடுப்பது மேல்.

இன்னொரு இடத்திலும் பணம் நன்றாகப் பயன்படும். பதினெட்டு வயது முடிந்ததும் பிள்ளை இல்லத்தை விட்டு வெளியேற வேண்டும். வெளியேறியவர்களுக்கு உதவ, பிறகான பராமரிப்பு என்று சட்டத்தில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஆனாலும் அந்த மாதங்கள்தான் மிகக் கடினமானவை. கல்லூரியில் இடம் கிடைத்திருக்கும். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ஆயிரம் ரூபாய் வரும். ஆனால் விடுதி முன்பணம், முதல் பருவக் கட்டணம், ஒரு பெட்டி, ஒரு போர்வை, பஸ் செலவு எல்லாம் ஒரே வாரத்தில் வேண்டும். விடுமுறைக்கு எங்கே போவது என்ற கேள்வியும் இருக்கும். பதினெட்டு வயதுப் பையனைப் பார்த்து இரக்கப்பட்டுப் பணம் கொடுக்கிறவர்கள் குறைவு. ஆறு வயதுப் பிள்ளைக்கு வரும் உதவியில் பத்தில் ஒரு பங்குகூட அவனுக்கு வருவதில்லை என்பது என் அனுபவம்.

இரக்கம் தானாகப் போகாத இடங்கள் வேறும் உண்டு. தெருவில் திரியும் மனநலம் குன்றிய பெண்களுக்காகச் சென்னையில் 1993-இல் தொடங்கிய பான்யன் அமைப்பு செய்யும் வேலைக்குத் தீபாவளிப் பெட்டியெல்லாம் பொருந்தாது. மருந்தும் மருத்துவரும் ஆண்டு முழுக்கத் தேவை. அடையாறு புற்றுநோய் மையத்தை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கியபோதும் பொதுமக்கள் நன்கொடைதான் கைகொடுத்தது, இன்றும் ஏழை நோயாளிகளுக்கு அது தேவைப்படுகிறது. உங்கள் ஊர் அரசுப் பள்ளிக்குச் செய்ய விருப்பமென்றால் 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' என்ற அரசுத் திட்டத்தின் மூலம் கொடுக்கலாம்.

வரிச்சலுகை பற்றிச் சுருக்கமாக. 80ஜி என்று எல்லோரும் சொல்லும் நன்கொடைச் சலுகை பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டும்தான். புதிய முறையில் அது கிடையாது. பெரும்பாலான அறக்கட்டளைகளுக்குக் கொடுப்பதில் பாதியைத்தான் வருமானத்தில் கழிக்கலாம், அதற்கும் வருமானத்தில் பத்து சதவீதம் என்ற உச்சவரம்பு உண்டு. பத்தாயிரம் கொடுத்தால் ஐயாயிரம் கழியும். இருபது சதவீத வரி கட்டுகிறவருக்குச் சுமார் ஆயிரம் ரூபாய் மிச்சமாகும். இரண்டாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை இல்லை. அரிசி, துணி போன்ற பொருளுக்கும் இல்லை. வெறும் ரசீது போதாது, அமைப்பு உங்கள் பான் எண்ணோடு வருமான வரித்துறையில் பதிந்து தரும் நன்கொடைச் சான்றிதழ் வேண்டும். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண், படிவ எண் வேறாக இருக்கும், "நன்கொடைச் சான்றிதழ் தருவீர்களா?" என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள்.

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்களும் இதில் சேர நினைத்தால் ஒன்று கவனியுங்கள். இந்தியக் குடியுரிமை வைத்திருப்பவர் தன் வங்கிக் கணக்கிலிருந்து கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர், அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்டவர் கொடுத்தால், ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கான அட்டை) வைத்திருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. அதற்கு அந்த அமைப்பு எஃப்சிஆர்ஏ எனப்படும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றிருக்க வேண்டும். இல்லாத சிறிய அமைப்பின் கணக்கில் அன்போடு போட்டுவிட்டால், சிக்கல் அவர்களுக்குத்தான்.

இனி மழை. நம் ஊரில் பண்டிகைக் காலமும் வடகிழக்குப் பருவமழைக் காலமும் ஒன்று. 2018-இல் தீபாவளி நவம்பர் 6. பத்தே நாளில், 16-ஆம் தேதி, கஜா புயல் டெல்டாவைச் சாய்த்தது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளம், 2023 டிசம்பரில் சென்னையிலும் பிறகு தூத்துக்குடி, நெல்லையிலும் வெள்ளம். அப்போதெல்லாம் போனஸ் செலவாகி, கொடுக்க வேண்டியதையும் கொடுத்து முடித்திருப்போம். கஜாவின்போது உடனடியாக வேண்டியிருந்தது தார்ப்பாய், மெழுகுவர்த்தி, கொசுவத்தி, மரம் அறுக்கும் இயந்திரம், ஜெனரேட்டருக்கு டீசல். நகரங்களிலிருந்து பிஸ்கட்டும் துணியும் போய்க்கொண்டே இருந்தன, அவையும் சாலையோர ஊர்களிலேயே இறங்கிவிட்டன. உள்ளே இருந்த கிராமங்களுக்கு எட்டவில்லை. புயலுக்குப் பிறகு முதல் வாரம் எல்லோரும் கொடுப்பார்கள். மூன்றாவது மாதம், விழுந்த தென்னைக்குப் பதில் கன்று வைக்க வேண்டிய நேரத்தில், யாரும் இருக்க மாட்டார்கள். அதனால் ஒரு பங்கைத் தை வரைக்கும் எடுத்து வையுங்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் சிகிச்சை உதவிக் கோரிக்கைகளும் இந்த நேரத்தில் அதிகமாக வரும். பல உண்மையானவை, சில எப்போதோ முடிந்துபோன பழையவை, சிலவற்றில் கணக்கு எண்ணை மட்டும் மாற்றியிருப்பார்கள். மருத்துவமனையின் பொது எண்ணை நீங்களே தேடி எடுத்துக் கூப்பிட்டு, அந்த நோயாளி அங்கே இருக்கிறாரா, மருத்துவமனைக் கணக்கிலேயே கட்ட முடியுமா என்று கேளுங்கள். செய்தியில் இருக்கும் எண்ணுக்குக் கூப்பிட்டுச் சரிபார்ப்பதில் பயனில்லை.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று. வீட்டு வேலை செய்யும் அம்மா, அபார்ட்மென்ட் காவலாளி, தெருவைக் கூட்டுகிறவர்கள் இவர்களுக்குக் கொடுப்பதை இந்த இருபதாயிரத்தில் சேர்க்காதீர்கள். அது தர்மம் அல்ல, அவர்களுக்குச் சேர வேண்டியது. வீட்டு வேலைக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸாகக் கொடுப்பது பல வீடுகளில் உள்ள வழக்கம். அதைப் பண்டிகைக்கு முந்தின நாள் கொடுக்காமல், அவர்களும் கடைக்குப் போய்த் துணி எடுக்கும்படி பத்து நாள் முன்னாலேயே கொடுத்துவிடுங்கள்.

உங்கள் இருபதாயிரத்தை நான் பிரித்தால் இப்படிப் பிரிப்பேன். மூவாயிரம் இந்தத் தீபாவளிக்கு, பிள்ளைகள் தாங்களே எடுத்துக்கொள்ளும் துணிக்கு. பன்னிரண்டாயிரத்தை மாதம் ஆயிரமாக, நேரில் போய்ப் பார்த்து நம்பிக்கை வந்த ஒரே ஒரு இடத்துக்கு, பொதுச் செலவுக்கென்று வங்கியில் தானாகப் போகும்படி எழுதிவிடுவேன். பத்து இடத்துக்கு இரண்டாயிரம் கொடுப்பதைவிட இது நல்லது. அடுத்த மாதம் இவ்வளவு வரும் என்று தெரிந்தால்தான் அவர்களால் ஓர் ஆளுக்கு வேலை உறுதி சொல்ல முடியும். மீதி ஐயாயிரம் மழைக்கு. ஜனவரி முடியும்வரை தேவைப்படாவிட்டால் அதைத் தொடாமல் வைத்திருந்து, பிளஸ் டூ தேர்வு முடிவு வந்ததும் காப்பாளருக்கு ஒரு போன் செய்து, இந்த ஆண்டு யாரெல்லாம் கல்லூரிக்குப் போகிறார்கள் என்று கேளுங்கள்.